கேஸ் எடுப்பது முதல் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுப்பது வரை: குமரி மாவட்டத்துப் புது வக்கீலுக்கு ஒரு முழு வழிகாட்டி

தனியாக போர்டு மாட்டிய பிறகு புது வக்கீல்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். பெரும்பாலோருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வேலையின் வரிசைதான் மாறிப்போயிருக்கும். எதிரே யார் என்று கேட்காமல் கதை முழுவதையும் கேட்டிருப்பார்கள். ஃபீஸ் பேசாமல் கோர்ட் ஃபீ பணத்தை வாங்கியிருப்பார்கள். கட்சிக்காரரை (கேஸை ஒப்படைப்பவரை) பார்க்காமலே வக்காலத்தில் (அவர் சார்பில் ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என எந்த வளாகத்திலும் இதே கதைதான். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. போர்டு மாட்டும் முன்

பார் கவுன்சில் பதிவு முடிந்து 2 ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அடுத்து, இந்திய பார் கவுன்சில் விதிகளில் 6ஆம் பாகம், 2ஆம் அத்தியாயத்தை அச்செடுத்து மேஜையில் வையுங்கள். சில பக்கங்கள்தான். இங்கே நான் சொல்லும் விதி எண்கள் எல்லாம் அதில் உள்ளவை.

நான்கு நோட்டுகள் வேண்டும்: பெயர்ப் பதிவேடு, ரசீது புத்தகம், கட்சிக்காரர் பணக் கணக்கு, வாய்தா டைரி. கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி. ஆனால் ரசீது மட்டும் தாளில் இருக்கட்டும், கட்சிக்காரர் கையில் ஒரு பிரதி போக வேண்டும்.

போர்டு நியாயமான அளவில் இருக்க வேண்டும். சங்கத் தலைவர், முன்னாள் நீதிபதி என்ற பெருமைகளையெல்லாம் அதில் போடக்கூடாது என்கிறது விதி 36. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வைக்கிற ஃப்ளெக்ஸில் அங்கி, கழுத்துப் பட்டையோடு சிரிப்பதும் நான் பார்த்த வரையில் இந்த விதியோடு ஒத்துப்போகாது. கழுத்துப் பட்டையையும் அங்கியையும் நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடத்தில் போடுவதை விதி 7 தனியாகவே தடுக்கிறது. 2008 திருத்தத்துக்குப் பிறகு இணையதளம் வைக்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் என்ற அளவோடு அது நிற்க வேண்டும். வக்கீல் சேவையை இணையத்தில் பட்டியல் போட்டு விற்கும் நிறுவனங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விபத்து வார்டு வாசலில் ஆள் நிறுத்திக் கட்சிக்காரர் பிடிப்பதும் இதே தடைக்குள்தான் வரும்.

வீட்டுக் கடையையோ நிலத் தரகையோ கூடவே நடத்துகிறவர்கள், வேறு தொழில் செய்வதைக் கட்டுப்படுத்தும் விதி 47 முதல் 52 வரை படித்துவிட்டு மேலே போங்கள்.

2. முதல் கேள்வி: எதிரே யார்?

வந்தவர் உட்கார்ந்ததும் கதை சொல்ல ஆரம்பிப்பார். நிறுத்துங்கள். "கதையைப் பிறகு கேட்போம், முதலில் எதிராளி பேரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் மற்றது.

காரணம் எளிது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ மனு எழுதிக் கொடுத்தவரோ, அதே விஷயத்தில் மறுதரப்புக்கு ஆஜராகக் கூடாது (விதி 33). கதையைக் கேட்டு, "உங்க பக்கம் நியாயம் இருக்கு, இப்படிப் போகலாம்" என்று சொன்ன நிமிடமே அது ஆலோசனை. ஒரு பைசா வாங்காவிட்டாலும் அப்படித்தான்.

நம் மாவட்டத்தில் இந்தச் சிக்கல் மற்ற ஊர்களைவிடச் சுலபமாக வரும். பாகப்பிரிவினைக் கேஸ் என்றால் அண்ணனும் தங்கையும் ஒரே வாரத்தில் ஒரே வக்கீலைத் தேடி வருவார்கள், இரண்டு பேரும் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள். அதனால் பதிவேட்டில் பெயர் மட்டும் போதாது. அப்பா பெயர், வீட்டுப் பெயர், கிராமம், சர்வே எண் நான்கும் வேண்டும். ரீ-சர்வேயில் எண் மாறியிருக்கும், பழைய எண்ணையும் கேட்டு எழுதுங்கள். ஆள் பெயரில் தப்பிப்போகிற மோதல் பல நேரம் சர்வே எண்ணில் பிடிபடும்.

பதிவேட்டில் பெயர் இல்லை என்றாலும் இன்னும் சில கேள்விகள் உண்டு. இந்த விஷயத்தில் நீங்களே சாட்சியாக வர வாய்ப்பு உண்டா? உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் கேஸ் வேண்டாம் (விதி 13). எதிரே இருப்பது நீங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் பள்ளியா, கோயில் டிரஸ்டா, சர்ச் கமிட்டியா? அந்த அமைப்புக்காக ஆஜராவதையும் அதை எதிர்த்து ஆஜராவதையும் விதி 8 தடுக்கிறது. உங்களுக்கே பணச் சம்பந்தம் இருந்தால் விதி 9 தடுக்கும். நீதிபதி உங்கள் நெருங்கிய உறவா? விதி 6இல் உறவுப் பட்டியலே இருக்கிறது; மாமியார், மைத்துனர் வரை நீள்கிறது.

தடை இல்லாத சின்னத் தொடர்பு என்றாலும் வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும் (விதி 14). "எதிர்த்தரப்பு மருமகனும் நானும் ஒன்றாகப் படித்தோம், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு, பதிலை ஃபைலில் எழுதி வையுங்கள். பின்னால் தானாகத் தெரிந்தால் தோற்ற கேஸுக்கெல்லாம் அதுதான் காரணம் என்பார்கள்.

ஒருவேளை கதை பாதி கேட்டுவிட்டீர்கள், பிறகுதான் மோதல் தெரிகிறது என்றால் இரண்டு தரப்பையும் விட்டுவிடுங்கள். கேட்டதை எங்கேயும் சொல்லவும் வேண்டாம். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காப்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு. வேலை முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும். குற்றம் செய்வதற்காகவே கேட்ட யோசனைக்கும், கேஸ் எடுத்த பிறகு கண்ணில் பட்ட குற்றத்துக்கும் மட்டும் விலக்கு. கோர்ட் வாசல் டீக்கடைதான் ரகசியம் அதிகம் கசியும் இடம். அங்கே பெயர் சொல்லிக் கேஸ் பேசும் பழக்கத்தை ஜூனியராக இருக்கும்போதே விட்டுவிட வேண்டும்.

3. உங்கள் கட்சிக்காரர் உண்மையில் யார்?

"சாறே, தம்பி துபாயில இருக்கான். அவனுக்க கையெழுத்த நானே போட்டா போராதா?"

இந்தக் கேள்வி வராத ஆபீஸ் இங்கே இருக்காது. போதாது என்பதுதான் பதில். கட்சிக்காரரோ அவருடைய அதிகாரம் பெற்ற முகவரோ அல்லாத ஒருவர் சொல்படி நடக்கக் கூடாது (விதி 19). அண்ணன் அழைத்து வந்தார், அண்ணன்தான் பணம் தருகிறார் என்பதால் அண்ணன் கட்சிக்காரர் ஆகிவிட மாட்டார். சொத்து தம்பி பெயரில் என்றால் தம்பியிடம் நேரடியாகப் பேச வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு பவர் பத்திரம் வேண்டும். இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். தாளை வாங்கி ஃபைலில் சொருகிவிட்டு இந்த 3 மாதத்தைக் கோட்டைவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. பவரில் கேஸ் நடத்த அதிகாரம் உண்டா, சமரசம் செய்ய உண்டா, பணம் பெற உண்டா என்று மூன்றையும் தனித்தனியே பாருங்கள். நிலத்தை விற்க எழுதிய பவரை வைத்துக்கொண்டு கேஸ் நடத்த வருகிறவர்கள் நிறைய.

பவர் வந்தாலும் தம்பியிடம் ஒரு வீடியோ கால் பேசிவிடுங்கள். சட்டம் கேட்கவில்லை, ஆனால் பல வில்லங்கம் அந்த ஒரு அழைப்பில் தெரிந்துபோகும்.

4. மறுக்கலாமா?

உங்கள் தகுதிக்கேற்ற ஃபீஸ் தரத் தயாரானவரின் கேஸை எடுப்பதுதான் பொது விதி. தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம் (விதி 11). குற்றம் சாட்டப்பட்டவர் செய்திருப்பார் என்று நீங்கள் நினைப்பது தக்க காரணம் ஆகாது. அதை விதி 15 நேரடியாகவே சொல்கிறது. இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டால்? அது செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு போனதே தமிழ்நாட்டிலிருந்துதான். சங்கத்தில் உங்களை முறைப்பார்கள். அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

வந்தவர் பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி, காவலில் இருப்பவர் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருப்பதை அவரிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஃபீஸ் பேசுங்கள். நீங்களே அந்த ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் இருந்து, அதன் வழியாக வந்த கேஸ் என்றால் கட்சிக்காரரிடம் பெட்ரோல் காசுகூட வாங்கக் கூடாது.

5. ஃபீஸ்: எழுத்தில், தொகையாக

மோட்டார் விபத்து இழப்பீட்டுக் கேஸ்களில் "வர்றதுல இத்தனை பர்சன்ட்" என்பது ஊரறிந்த பேச்சு. விதி 20 அதை முழுதாகத் தடுக்கிறது. முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசவும் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கவும் கூடாது. எல்லோரும் செய்கிறார்களே என்று கேட்காதீர்கள். புகார் வரும்போது எல்லோரும் வந்து நிற்க மாட்டார்கள்.

தடைக்குக் காரணம் இருக்கிறது. பங்கு பேசிய நாள் முதல் அது உங்கள் பணமும் ஆகிவிடுகிறது. நியாயமான தொகைக்கு லோக் அதாலத்தில் முடிக்கலாம் என்று கட்சிக்காரர் நினைத்தால் நீங்கள் இழுக்கப் பார்ப்பீர்கள். உங்களுக்குப் பண நெருக்கடி என்றால் குறைந்த தொகைக்குச் சம்மதிக்க வைப்பீர்கள்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். ஒரு தாளில் நான்கு வரி: மொத்த ஃபீஸ், எந்தக் கட்டம் வரை, எப்போது எவ்வளவு, செலவு தனி. "இந்தத் தொகை முன்சீப் கோர்ட் தீர்ப்பு வரை மட்டும், அப்பீலும் நிறைவேற்று மனுவும் சேராது" என்ற வரி கட்டாயம். சண்டை தொடங்குவதே இந்த வரி இல்லாத இடத்தில்தான். கையில் காசில்லாதவருக்குத் தவணை கொடுங்கள், குறையுங்கள், இலவசமாகவும் செய்யுங்கள். கேஸ் நடத்த நீங்களே கடன் மட்டும் கொடுக்காதீர்கள் (விதி 32).

6. வக்காலத்து

ஃபீஸ் பேசிய பிறகுதான் வக்காலத்து. கேஸ் எண், தரப்புகள், நீதிமன்றம் எல்லாம் நிரப்பி, வாசித்துக் காட்டி, உங்கள் முன்னால் கையெழுத்து. வெற்று வக்காலத்துகளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி அலமாரியில் அடுக்குவதற்கு "அவசரத்துக்கு உதவும்" என்பதுதான் சொல்லும் காரணம். அது எந்தக் கேஸில் போய்ச் சேரும் என்று உங்கள் குமாஸ்தாவுக்கே தெரியாது.

இன்னொரு வக்கீல் நண்பர் நீட்டும் வக்காலத்திலோ பிரமாணப் பத்திரத்திலோ "என் முன்னிலையில் கையெழுத்திட்டார்" என்று சாட்சி போடும் முன், ஆள் எதிரே இருக்கிறாரா என்று பாருங்கள். அந்தத் தேதியில் அவர் குவைத்தில் இருந்தது பாஸ்போர்ட்டில் முத்திரையாக நிற்கும்.

வேறு வக்கீல் ஏற்கெனவே வக்காலத்துப் போட்டிருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும் (விதி 39).

7. பத்திரங்கள்

மூலப் பத்திரத்தை வாங்கியதும் எண், தேதி, பக்கம் எழுதி ரசீது கொடுங்கள். நகல் போதுமான கட்டத்தில் மூலத்தை வாங்கவே வேண்டாம். மழைக்காலத்தில் ஓட்டு ஆபீஸில் நூறு வருடத் தாளை வைத்துக் காப்பது லேசான காரியம் இல்லை.

1956 நவம்பர் 1க்கு முன் நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்க மாதம் (ஆவணி) பிறந்து ஆங்கில ஆண்டு முடியும் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பிறகு 825. கொல்லம் 1100 மேட மாதம் (சித்திரை) என்றால் 1925. ஒரு வருடம் தப்பினால் அனுபவ பாத்தியக் (நீண்ட கால அனுபவத்தால் வரும் உரிமை) கணக்கே மாறும். கட்சிக்காரரின் மாமா வாசித்துச் சொன்னதை மொழிபெயர்ப்பு என்று தாக்கல் செய்யாதீர்கள். மலையாளம் நன்றாகத் தெரிந்த, கேஸில் சம்பந்தமில்லாத ஒருவர் செய்ய வேண்டும். பாதகமான வரியும் அதில் அப்படியே இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், நீதிமன்றத்தைத் தவறான வழியில் கொண்டுபோனது நீங்கள் என்றுதான் பின்னால் ஆகும்.

8. பணம்

பார் கவுன்சிலில் வக்கீல் உரிமத்துக்கே ஆபத்து கொண்டுவருவது பணம்தான். 1979இல் உச்ச நீதிமன்றம் முடித்த தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், புரோ நோட்டுக் கேஸ் போடச் சொல்லிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு, போடாத கேஸைப் போட்டதாகச் சொன்னதுதான் குற்றச்சாட்டு.

எப்படி வைத்துக்கொள்வது? ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு பக்கம், நடுவில் கோடு. இடப்பக்கம் ஃபீஸ், வலப்பக்கம் செலவு: கோர்ட் ஃபீ, பேட்டா (சம்மன் அனுப்பவும் சாட்சிக்கும் கட்டும் பணம்), நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரின் கட்டணம், நகல் செலவு. ரசீதிலும் எதற்காக வாங்கியது என்று எழுத வேண்டும். "ரூ. 10,000 பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிய ரசீது உங்களுக்கே எதிரி. செலவுக்கு வாங்கியதை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஃபீஸாக மாற்றக் கூடாது (விதி 26). கட்சிக்காரருக்காக உங்கள் கைக்குப் பணம் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் (விதி 27). கேட்டால் கணக்கின் நகல் கொடுக்க வேண்டும் (விதி 30). அந்தப் பணத்தைக் கடனாக எடுத்துக்கொள்ளவும் கூடாது (விதி 31). "ஓணம் முடிஞ்சு தாறேன்" என்று கட்சிக்காரரிடம் சொல்லும் நிலை வரவே கூடாது. தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

9. நீதிமன்றத்தில்

ஒரே நாளில் குழித்துறையிலும் நாகர்கோவிலிலும் கேஸ் இருந்தால், காலையில் மார்த்தாண்டம் நெரிசலில் நின்று யோசிக்காமல் முந்தின நாளே ஏற்பாடு செய்யுங்கள். வேறு கோர்ட்டில் வேலை என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 17ஆவது கட்டளைப்படி வாய்தாவுக்குக் காரணமே ஆகாது. வாய்தா வாங்கினால் அன்று மாலையே கட்சிக்காரருக்கு அடுத்த தேதியை மெசேஜாக அனுப்புங்கள். வாய்மொழி வேண்டாம்.

நீதிமன்றப் புறக்கணிப்பு நாளில் என்ன செய்வது? வக்கீலுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. நீங்கள் போகாததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைத் தீர்ப்பு) ஆனால் கட்சிக்காரருக்குச் சங்கத் தீர்மானத்தைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. அதை ரத்து செய்ய 30 நாள்தான்.

நிலுவையில் உள்ள கேஸைப் பற்றி நீதிபதியிடம் தனியாகப் பேசுவது கூடாது, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலை கிடைத்தாலும். கட்சிக்காரருக்காக ஜாமீன்தாரராக நிற்பதும் கூடாது (விதி 10). கட்சிக்காரர் கொட்டும் வசவையெல்லாம் மனுவில் எழுத நீங்கள் அவருடைய வாய் அல்ல. அதையும் விதி 4 சொல்கிறது.

10. எதிர்த்தரப்பும் சமரசமும்

எதிராளி உங்களுக்குப் போன் செய்து "நாமளே பேசி முடிப்போம்" என்றால், அவருக்கு வக்கீல் இருக்கும்வரை அந்த வக்கீல் வழியாகத்தான் பேச முடியும் (விதி 34). சொந்தக்காரராக இருந்தாலும் அதே விதிதான். கேஸ் சம்பந்தமாக எதிர்த்தரப்புக்கு நீங்கள் கொடுத்த நியாயமான வாக்கு எழுத்தில் இல்லாவிட்டாலும் காப்பாற்ற வேண்டும் (விதி 35). ஆகவே தெரியாமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சமரசத்தில் வக்காலத்து இருக்கிறது என்ற தைரியத்தில் நீங்களே விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்பது 2015இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதை, கிணறு, அதிர் கல் (எல்லைக் கல்) எங்கே என்பது வரை எழுதி, வரைபடத்தோடு எல்லோரும் கையெழுத்திட வேண்டும். லோக் அதாலத் என்றால் அப்பீல் கிடையாது என்பதைக் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்.

11. கேஸை விடுவதும் கட்டு மாறுவதும்

ஃபீஸ் வரவில்லை என்று திடீரென ஆஜராகாமல் இருந்துவிட முடியாது. தக்க காரணமும் போதிய அவகாசமும் வேண்டும், செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸ் திரும்பிப் போக வேண்டும் (விதி 12). நீதிமன்றம் அனுமதிக்கும்வரை வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். அதுவரை எல்லா வாய்தாவுக்கும் பொறுப்பு உங்களுடையது.

கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போகிறேன் என்றால் கட்டைக் கொடுத்துவிடுங்கள். "பாக்கியைக் கட்டிட்டு எடுத்துக்கோங்க" என்று பிடித்து வைப்பது தொழில் தவறு என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பாக்கிக்குத் தனியாக நோட்டீஸ் விடலாம், கேஸ் போடலாம். கட்டுக்கும் பாக்கிக்கும் சம்பந்தமில்லை. கொடுக்கும்போது பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், அடுத்த வாய்தா தேதியை அந்தத் தாளின் தலையில் எழுதுங்கள்.

12. தீர்ப்பு வந்த நாளில்

ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அப்பீல் கெடுவையும் அதே தாளில் எழுதுங்கள்: சிவில் கேஸில் மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போடுவதாக இருந்தால் 90 நாள். நகலுக்கு அன்றே மனு போட்டால் நகல் எடுக்கும் நாட்கள் கழியும். பணம் வாங்கிய பிறகு மனு போடலாம் என்று காத்திருந்து கெடு தாண்டிய கேஸ்களுக்குக் கணக்கில்லை.

நீங்கள் நடத்திய கேஸின் டிகிரியில் (தீர்ப்பாணையை நிறைவேற்றும்போது) ஏலத்துக்கு வரும் சொத்தை நீங்களோ பினாமியோ வாங்கக் கூடாது (விதி 22). ஏழு சென்ட் மலிவாகப் போகிறதே என்று நினைக்கவும் வேண்டாம்.

13. புகார் வந்துவிட்டால்

வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் சிலர் நிம்மதியாகிவிட்டார்கள். பார் கவுன்சில் அப்படியேதான் இருக்கிறது. வக்கீல்கள் சட்டம் 1961இன் 35ஆம் பிரிவில் புகார் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் போகும், முகாந்திரம் இருந்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். தள்ளுபடி, கண்டனம், குறிப்பிட்ட காலம் தொழில் தடை, பதிவேட்டிலிருந்து நீக்கம் என நான்கில் ஒன்று நடக்கும். ஒரு வருடத்துக்குள் முடியாவிட்டால் விவகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும்.

நோட்டீஸ் வந்ததும் புகார்தாரரைப் போனில் கூப்பிட்டுத் திட்டுவதும், ஊர்ப் பெரியவர்களை அனுப்பி வாபஸ் வாங்க முயல்வதும் இரண்டாவது புகாருக்கு வழி. பதிலைப் பத்தி வாரியாக எழுதி, ஃபீஸ் தாள், ரசீதுப் பிரதிகள், கணக்குப் பக்கம், வாய்தா மெசேஜ்கள், கட்டு ஒப்படைத்த பட்டியல் ஆகியவற்றை இணையுங்கள். உங்களைக் காக்கத் தேவையான அளவுக்குத்தான் கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியே எடுக்க வேண்டும். அவர் குடும்பக் கதை முழுவதையும் பதிலில் கொட்டிவிடக் கூடாது.

உத்தரவு பாதகமாக வந்தால் இந்திய பார் கவுன்சிலுக்கு 60 நாளில் மேல்முறையீடு, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம், அதற்கும் 60 நாள். மேல்முறையீடு போட்டதாலேயே தொழில் தடை நின்றுவிடாது. நிறுத்தி வைக்கத் தனியாக மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அது வரும்வரை நடக்கும் கேஸ் கட்டுகள் எல்லாவற்றையும் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, மேலே 11இல் சொன்ன பட்டியல் முறையில் ஒப்படைத்துவிடுங்கள்.